ஓப்பன்-பேக் ஹெட்போன்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

பத்துக்குப் பத்து அறையில் ஸ்டூடியோ தொடங்குபவர் காசு சேர்த்து முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்தான். அதை மேசைமேல் வைத்து, வெறும் சுவர்களுக்கு நடுவே பாட்டை ஓடவிட்டதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. 10 அடி என்பது சுமார் 3.05 மீட்டர். அந்த இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கி நிற்கும். அதன் இரட்டிப்பான 112-இல் மறுபடியும் தேங்கும். அறையின் நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரு திசைத் தேக்கமும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்தாலே பாஸ் வேறாகிவிடும். இதைச் சரிசெய்ய மூலைகளில் பாஸ் டிராப், சுவர்களில் ராக்வூல் பலகை என்று செலவு நீளும். வாடகை வீடாக இருந்தால் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார்.

ஹெட்போன் மாட்டியதும் அறை கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. அதிலும் பின்புறம் திறந்த ஓப்பன்-பேக் வகை, மிக்சிங்குக்கும் எடிட்டிங்குக்கும் உலகெங்கும் ஸ்டூடியோக்களில் புழங்கும் கருவி. இந்த அத்தியாயம் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியது. காரணம், நல்ல ஓப்பன்-பேக் ஹெட்போன் நடு அலைவரிசைகளில் உண்மையைச் சொல்லும். ஆனால் அடிநாதத்திலும் இட வல விரிவிலும் அதன் சொல்லை அப்படியே ஏற்கக் கூடாது. இந்த இரண்டு இடங்களையும் தெரிந்துகொண்டவருக்கு அது வாழ்நாள் துணை. தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அவருடைய மிக்ஸ் காரில் ஒரு மாதிரியும் போனில் வேறு மாதிரியும் ஒலிக்கும்.

பின்புறம் திறந்தால் என்ன நடக்கிறது

ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அதிரும்போது காற்றை முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். முன்னால் போவது காதுக்கு. பின்னால் போவது, மூடிய கப் என்றால், பிளாஸ்டிக் சுவரில் மோதித் திரும்பி வந்து சவ்வையே தட்டும். அதனால் சில அலைவரிசைகள் வீங்கும், சில வற்றும். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போன்ற அந்த அடைப்பு குரலில்தான் முதலில் தெரியும். கப்பின் பின்புறத்தில் கம்பிவலையோ துளைத்தகடோ வைத்துத் திறந்துவிட்டால் பின் அலை வெளியே போய்விடுகிறது. திரும்பி வந்து குழப்ப எதுவும் இல்லை.

இந்த எளிய யோசனை கடைக்கு வந்தது 1968-இல். ஜெர்மனியின் ஹானோவர் அருகே வென்னபோஸ்டல் என்ற ஊரில் இருக்கும் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற ஹெட்போனை அந்த ஆண்டு வெளியிட்டது. மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்த, கையில் எடுத்தால் கனமே தெரியாத கருவி. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தியபின் பத்தாண்டுகளாகக் கேட்பவர்கள் பழகியிருந்தது காதை இறுக்கி மூடும் வகைக்கு. அந்தப் பழக்கத்தை மாற்றியது இந்த மஞ்சள் பஞ்சு. பின்னர் வியன்னாவின் ஏகேஜி நிறுவனம் பாதி திறந்த கே 240-ஐக் கொண்டுவந்தது. பல நாட்டு ஸ்டூடியோப் புகைப்படங்களில் தலையைச் சுற்றி வளைந்த இரட்டைக் கம்பியோடு காணப்படுவது அதுதான். 1997-இல் சென்ஹைசரின் எச்டி 600 வந்தது. இன்றும் தயாரிப்பில் இருக்கும் அந்த மாடலை இந்த அத்தியாயம் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. பிறகு வந்த எந்த ஓப்பன்-பேக் ஹெட்போனையும் ஒலிக்கலைஞர்கள் அதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள்.

மைக் முன்னால் வேண்டாம்

திறந்த கப்பின் விலை உடனே தெரியும். உள்ளே ஓடுவது வெளியே கேட்கும். பாடகர் தலையில் இதை மாட்டிக் கண்டென்சர் மைக் முன் நிறுத்தினால், வாத்தியங்கள் அடங்கிக் குரல் மட்டும் நிற்கும் இடத்தில் கிளிக் டிராக்கின் டிக் டிக் சத்தமும் பதிவாகிவிடும். அதை எடிட்டில் துடைத்தெடுப்பது பெரும்பாடு. பதிவுக்கு மூடிய வகையே சரி. 1991 முதல் சந்தையில் இருக்கும் சோனி எம்டிஆர்-7506, பயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவை அதற்கென்றே இருக்கின்றன.

வெளியில் உள்ளதும் உள்ளே வரும். நம் ஊர் வீட்டு ஸ்டூடியோவில் இதன் முழு அர்த்தம் மின்விசிறி. மே மாதத்தில் அதை நிறுத்தி வைத்துக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்ய யாராலும் முடியாது. ஆனால் அதன் இரைச்சல் சரியாக ரிவர்ப் வால் மறையும் இடத்திலும், குரல் டிராக்கின் பின்னணி ஹிஸ்ஸின் மேலும் உட்கார்ந்துகொள்ளும். பேலன்ஸ், ஈக்யூ வேலைகளை விசிறி ஓட ஓடச் செய்யலாம். இரைச்சல் நீக்குவது, ஃபேட் போடுவது, பாட்டின் கடைசி ஐந்து விநாடியைச் சரிபார்ப்பது ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, விசிறியை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் முடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

குரல் வாழும் இடம்

200 ஹெர்ட்ஸிலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் பேச்சின் பெரும்பகுதி இருக்கிறது. வயலின், வீணை, கிட்டார், பியானோ ஆகியவற்றின் உடலும் அங்கேதான். எச்டி 600 போன்ற கருவி பெயர் வாங்கியது இந்தப் பகுதியில் காட்டும் சமநிலைக்காகத்தான். 400 ஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபெல் குறைத்தால் குரலின் மந்தம் விலகுவது காதில் விழும். டப்பிங் குரலில் உதடு பிரியும் சிறு சொடுக்கு, ‘ப’ சொல்லும்போது மைக்கில் விழும் காற்று, இரண்டு டேக்குகளை ஒட்டிய இடத்தில் அறையின் பின்னணி மாறுவது எல்லாம் சுமாரான அறையில் ஸ்பீக்கரில் கேட்பதைவிட இங்கே தெளிவாகப் பிடிபடும். வசன எடிட்டிங், ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட், குரல் டியூனிங் ஆகிய வேலைகளுக்கு ஓப்பன்-பேக் ஹெட்போனே முதல் கருவியாக இருப்பதில் தவறேதும் இல்லை.

நீண்ட நேர வேலைக்கும் இது உகந்தது. காற்றுப் போக்குவரத்து இருப்பதால் காது அவ்வளவாக வியர்க்காது, அடைத்த உணர்வும் வராது. ஆடியோ-டெக்னிகா 2015-இல் வெளியிட்ட ஏடிஎச்-ஆர்70எக்ஸ், கேபிள் நீங்கலாகச் சுமார் 210 கிராம்தான். சோனி 2023-இல் கொண்டுவந்த எம்டிஆர்-எம்வி1 சுமார் 223 கிராம். ஆறு மணி நேரம் கழுத்தில் தாங்குபவருக்கு இந்த எண்கள் மற்ற பல விவரங்களைவிட முக்கியம்.

அடிநாதம்: முதல் எச்சரிக்கை

பின்புறம் திறந்திருப்பதால் ஆழமான பாஸுக்குத் தேவையான காற்றழுத்தம் கசிந்துவிடும். எச்டி 600-இல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்ல இறங்க ஆரம்பித்து, 40 அருகே தெளிவாகக் குறைந்துவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் எழும் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் 50-க்கும் 80-க்கும் நடுவே. ஆக, மிக்ஸ் செய்பவர் எதைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறாரோ அதன் அடிப்பாகமே அவருக்குக் குறைத்துக் காட்டப்படுகிறது. அவர் பாஸை ஏற்றுவார். அந்தப் பாட்டு காரின் சப்வூஃபரில் ஓடும்போது கதவு அதிரும், குரல் அமுங்கும்.

சவ்வு முழுதும் காந்தப் புலத்தில் அதிரும் பிளேனர் வகை ஹெட்போன்களில் இந்தச் சரிவு மிகக் குறைவு. ஆடிஸி எல்சிடி-எக்ஸ் போன்றவை மனிதக் காதின் கீழெல்லை வரை கிட்டத்தட்ட சமமாக ஒலிக்கும். அப்படியிருந்தும் குறை முழுதாகத் தீர்வதில்லை. ஸ்பீக்கரின் பாஸை மார்பும் தரையும் நாற்காலியும்கூட உணர்கின்றன. ஹெட்போனில் காது மட்டும்தான் சாட்சி.

இதற்குச் சில பழக்கங்கள் கைகொடுக்கும். ஒன்று, ஸ்பெக்ட்ரம் அனலைசரை மாஸ்டர் சேனலில் எப்போதும் திறந்து வைப்பது. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதை ஏற்றினாலும் காதை மட்டும் நம்பாமல் அதைப் பார்த்து ஏற்றுவது. இன்னொன்று, நன்கு பழகிய இரண்டு மூன்று பாடல்களை அதே புராஜெக்டில் ஒரு டிராக்கில் போட்டு வைத்து அடிக்கடி ஒப்பிடுவது. இங்கே ஒரு நிபந்தனை உண்டு. வெளியான பாடல் மாஸ்டரிங் முடிந்து உரப்பாக இருக்கும், கையில் இருக்கும் மிக்ஸ் தணிந்திருக்கும். பாடலின் ஃபேடரை இறக்கி இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

கேட்கும் அளவை மாற்றிக்கொண்டே இருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியபடி, ஒலி தணியத் தணிய மனிதக் காதுக்கு பாஸ் மற்றதைவிட வேகமாக மறைந்துபோகும். காலையில் மெதுவாகவும் மாலையில் உரக்கவும் கேட்பவர் ஒரே பாட்டில் இரண்டு வெவ்வேறு பாஸ் முடிவுகளை எடுப்பார். வால்யூம் குமிழில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, வேலையின் பெரும்பகுதியை அந்தக் கோட்டிலேயே செய்வது ஒரு பைசா செலவில்லாத தீர்வு.

இடம் வலம்: இரண்டாவது எச்சரிக்கை

ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது பெட்டியின் ஒலி வலது காதுக்கும் போகிறது. சற்றுத் தாமதமாக, தலை மறைப்பதால் ட்ரெபிள் குறைந்து போகிறது. மூளை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் எதிரே ஒரு மேடையைக் கட்டிக்கொள்கிறது. ஹெட்போனில் இடது இடதுக்கு மட்டும், வலது வலதுக்கு மட்டும். அதனால் நடுவில் இருக்க வேண்டிய குரல் தலைக்குள்ளும், ஓரத்தில் தள்ளிய வாத்தியம் காதோடு ஒட்டியும் கேட்கும். ஓப்பன்-பேக் இந்த நெருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. முழுதாக நீக்குவதில்லை.

விளைவு வேலையில் தெரியும். முழு இடப்பக்கம் வைத்த கிட்டார் ஹெட்போனில் அசௌகரியமாக ஒலிப்பதால் மிக்ஸ் செய்பவர் அதை உள்ளே இழுப்பார். ஸ்பீக்கரில் பாட்டே குறுகிவிடும். ரிவர்பிலும் இதே கதை. அறையின் எதிரொலி குறுக்கிடாததால் ஹெட்போனில் ரிவர்பின் ஒவ்வொரு இழையும் கேட்கும். போதும் என்று நிறுத்திவிடுவார். ஸ்பீக்கரில் குரல் வறண்டு நிற்கும்.

இட வல ஒலியை அளவாக, தாமதத்தோடு ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் கிராஸ்ஃபீட் சுற்றை பெஞ்சமின் பாவர் 1961-இலேயே எழுதி வெளியிட்டார். இன்று அது பிளக்-இன் வடிவில் கிடைக்கிறது. பேன் வைக்கும்போதும் ரிவர்ப் அளவு முடிவுசெய்யும்போதும் அதை இயக்கிக் கேட்பது நல்லது. எடிட்டிங்குக்குத் தேவையில்லை. முக்கியமாக, அது கேட்கும் வழித்தடத்தில் மட்டும் இருக்க வேண்டும். மாஸ்டர் சேனலில் போட்டு மறந்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் கிராஸ்ஃபீடோடு சேர்ந்தே பாட்டு வெளியே போய்விடும். ஹெட்போனின் குறையைத் திருத்தும் ஈக்யூ மென்பொருள்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மோனோ சோதனையை ஒருபோதும் விடக் கூடாது. ஃபேஸ் தலைகீழான ஸ்டீரியோ ஒலி ஹெட்போனில் விசாலமாக, அழகாகவே கேட்கும், ஏனென்றால் இரு பக்க ஒலியும் காற்றில் சந்திப்பதே இல்லை. அதே பாட்டு திருவிழாக் குழாய் ஸ்பீக்கரிலோ சிறிய புளூடூத் பெட்டியிலோ மோனோவாக ஒலிக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சின்தசைசரோ கோரஸோ காணாமல் போகும். மோனோ பட்டனை அழுத்திப் பார்க்கச் சில விநாடி போதும்.

மாடலுக்கு மாடல் மாறும் ட்ரெபிள்

பயர்டைனமிக் டிடி 990 ப்ரோ விலைக்கு மிகவும் தகுதியான கருவி, உறுதியானது, பஞ்சை எளிதில் மாற்றலாம். ஆனால் 8,000 ஹெர்ட்ஸ் அருகே அதில் ஒரு தூக்கல் உண்டு. ‘ஸ’, ‘ச’ ஒலிகளின் சீறல் விழுவது அதன் சுற்றுவட்டாரத்தில்தான். புதிதாகப் பழகுபவர் குரல் கூசுவதாக நினைத்து டி-எஸ்ஸரை அழுத்துவார். மற்ற கருவிகளில் அந்தக் குரல் நாக்குத் தடித்ததுபோல ஒலிக்கும். எச்டி 650 இதற்கு எதிர்ப்பக்கம்: எச்டி 600-ஐவிடச் சற்று இருண்ட ஒலி, அதனால் ட்ரெபிளை அதிகமாக ஏற்றத் தூண்டும்.

எது குறையற்றது என்ற தேடல் முடிவில்லாதது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், அடெல் ஆகியோரின் பாடல்களை மிக்ஸ் செய்த ஆண்ட்ரூ ஷெப்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவதாகச் சொல்வது சோனி எம்டிஆர்-7506. மூடிய வகை, விலையும் குறைவு. அவர் அதன் ஒவ்வொரு கோணலையும் பல ஆண்டுகளாக அறிந்தவர். ஓப்பன்-பேக் வாங்குபவரும் முதல் சில வாரங்கள் மிக்ஸ் எதுவும் செய்யாமல், தனக்கு மனப்பாடமான பாடல்களை மட்டும் அதில் கேட்பது வீண் நேரமாகாது. இளையராஜா பாட்டில் பாஸ் கிட்டார் எங்கே நிற்கிறது, ரஹ்மான் பாட்டில் குரலைச் சுற்றி எவ்வளவு இடம் இருக்கிறது என்று இந்தக் கருவி காட்டும் விதத்தைக் காது பதிந்துகொள்ளட்டும்.

ஓம் கணக்கும் ஆம்பும்

ஓப்பன்-பேக் வாங்கிய பலரும் ஏமாற்றம் அடைவது இங்கேதான். எச்டி 600-இன் மின்தடை 300 ஓம், டிடி 990 ப்ரோவின் பரவலான வடிவம் 250, ஏடிஎச்-ஆர்70எக்ஸ் 470. லேப்டாப் துளையில் 1 வோல்ட் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 250 ஓமுக்குள் போகும் சக்தி 4 மில்லிவாட். டிடி 990 ப்ரோ 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தருவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. 4 மில்லிவாட்டுக்கு அது 102 ஆகும். இது உச்சம். மாஸ்டரிங் ஆகாத மிக்ஸின் சராசரி அந்த உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே இருக்குமென்றால் காதுக்கு வருவது 82. மிக்ஸ் கேட்கப் போதும். தணிந்த குரலில் பதிவான கச்சா வசனத்தைக் கேட்கப் போதாது. வெளியீடு அரை வோல்ட்தான் என்றால் இன்னும் 6 டெசிபெல் போய்விடும். வாங்குமுன் தன் இன்டர்ஃபேஸின் ஹெட்போன் வெளியீடு எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்ப்பது அவசியம். தாங்காதென்றால் தனி ஆம்ப் வாங்க வேண்டும், அல்லது 62 ஓம் கே 702, 48 ஓம் டிடி 900 ப்ரோ எக்ஸ், 24 ஓம் எம்டிஆர்-எம்வி1 போன்ற குறைந்த தடைக் கருவியைப் பார்க்க வேண்டும்.

ஆம்பின் சொந்தத் தடையும் ஒலியை மாற்றும். எச்டி 600-இன் தடை பாஸ் பகுதியில் 500 ஓமுக்கு மேல் ஏறும். 100 ஓம் வெளியீட்டுத் தடை உள்ள பழைய ஆம்பில் மாட்டினால் பாஸ் மட்டும் ஏறக்குறைய 1 டெசிபெல் கூடித் தெரியும். கருவியின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஆம்பின் தடை இருக்கட்டும் என்பது துறையில் புழங்கும் விதி.

பஞ்சு பற்றி ஒரு வார்த்தை. நாளாக நாளாக அது அமுங்கி, சவ்வு காதுக்கு அருகே வரும், ஒலி மாறும். அசல் பஞ்சுக்குப் பதில் வேறு தடிமனில், வேறு துணியில் போட்டால் ஹெட்போனே வேறாகிவிடும். எச்டி 600-இன் பஞ்சு, கேபிள், தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும், உதிரியாகக் கிடைக்கும். நம் கடற்கரை ஊர்களின் வியர்வைக்கும் உப்புக்காற்றுக்கும் இது சிறிய விஷயமல்ல.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பணியிட நலன் நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு: 85 டெசிபெலில் 8 மணி நேரம், 88-இல் 4 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். ஓப்பன்-பேக் ஒலி இதமாக இருப்பதால் வால்யூம் ஏறியது தெரியாது. தெருச் சத்தத்தை வெல்ல ஏற்றுபவருக்கு ஆபத்து இரட்டிப்பு. அவர் ஜன்னலை மூட வேண்டும், அல்லது இரவில் வேலை செய்ய வேண்டும்.

கடைசியாக, எதை வாங்குவது? குரல், வசனம், கர்நாடக இசை, ஒலிவாத்தியங்கள் என்றால் எச்டி 600, ஆம்ப் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு. லேப்டாப்பிலிருந்தே ஓட வேண்டுமென்றால் எம்டிஆர்-எம்வி1 அல்லது டிடி 900 ப்ரோ எக்ஸ். பணம் குறைவென்றால் டிடி 990 ப்ரோ, அதன் ட்ரெபிளைக் கணக்கில் வைத்துக்கொண்டு. பாஸ் கனத்த நடனப் பாடல்களே தொழில் என்றால் பிளேனர் வகைக்குச் சேமியுங்கள். எதை வாங்கினாலும், இரண்டாவது ஹெட்போனுக்கு ஒதுக்கும் பணத்தை ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கருக்குப் போடுங்கள். பாஸையும் விரிவையும் ஒருமுறை அதில் கேட்காமல் எந்த மிக்ஸையும் வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள்.